வரிசைத் தட்டைப் போல ஒரு பிள்ளை

நான் பயந்த ரகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகள் வந்து நிற்கும் யார்டு ஒன்றில், எடைமேடையில் எனக்கு வேலை. அங்கேயும் அப்படித்தான். திரையில் விழுந்த எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்த பிறகுதான் சீட்டு அடிப்பேன். பின்னால் நிற்கிற டிரைவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். திட்டினால் திட்டட்டும், தப்பு நடக்காமல் இருந்தால் சரி என்று இருப்பேன். இப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த செய்தி வந்தபோது ஷிப்டில் இருந்தேன். வண்டியை விரட்டிக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் முகம் கழுவினேனா என்பதுகூட நினைவில்லை. என் மனைவிக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு வேண்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டது அவளுடைய அக்காதான். அவர்தான் பிள்ளையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரண்டு நிமிடம் இருந்திருக்கும். திருப்பிக் கொடுத்தபோது அந்த வெள்ளைத் துணியில் என் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. பிள்ளையின் கன்னத்தில்கூட ஒரு கோடு. அக்கா ஈரத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

"தம்பி, கரிக் கையோட புள்ளையத் தூக்காதீங்க. நெஞ்சுக்குள்ள போயிடும்."

வேறு யாராக இருந்தாலும் அடுத்த முறை கையைக் கழுவிக்கொண்டு வந்திருப்பார்கள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வருஷக்கணக்காக வறட்டு இருமல் உண்டு. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அது அந்தப் பிஞ்சு நெஞ்சுக்குள் போகும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, பிள்ளை பெற்றவள் பிறந்த வீட்டில்தான் இருப்பாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, ஒற்றைப்படையாகப் பார்த்துத்தான் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்கு வருவாள். என் மனைவிக்குப் பிறந்த வீடு என்றால் அது நெடுங்காட்டில் இருக்கும் அக்கா வீடுதான். அவர்கள் அங்கே இருக்க, நான் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். வயல் வேலையும் மாடுமாக அக்கா வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன்.

போனால் மாப்பிள்ளை உபசாரம். ஃபேனுக்குக் கீழே நாற்காலி, காபி, மத்தியானம் மீன் குழம்பு. பிள்ளை உள்ளறையில் பெண்களோடு இருக்கும். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு மை வைத்து, பெண் பார்க்க வந்தவனுக்குக் காட்டுகிற மாதிரி கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் நான் என் சடங்குகளை முடித்திருப்பேன். கிளம்பும்போது வீட்டில் ஒரு குளியல். அங்கே போனதும் கொல்லைப்புறக் குழாயடியில் முழங்கை வரை கழுவல். அதற்கென்றே மருந்து வாசனை அடிக்கும் சிவப்பு சோப்பு ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போவேன். பிறகு மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம். இரண்டு கையையும் நீட்டி, பிள்ளையை வாங்கி, சட்டையில் படாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். சட்டையை நான் நம்பவில்லை. எத்தனை முறை துவைத்தாலும் தையலுக்குள் கரி உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை வீறிட்டு அழும். அக்கா வாங்கித் தோளில் போட்டதும் நின்றுவிடும்.

பசி, தம்பி என்று அக்கா பெருந்தன்மையாகச் சொல்வார். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் பால் குடித்தாள் என்பது எனக்கும் தெரியும். ஒரு வாரம் பசி, ஒரு வாரம் தூக்கம், ஒரு வாரம் வயிற்று உப்புசம் என்று அவர் காரணம் மாற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடுப்பூசி போட்ட அன்று, கால்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிடித்தேன். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அழுகைக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்துப் பிள்ளையை அழைத்துவந்தோம். மனைவிக்கு மகப்பேறு விடுப்பு முடியப் பத்து நாள் பாக்கி. அவள் டவுனில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்குப் போனால் இரண்டரைக்குத்தான் திரும்புவாள். என் அம்மா திருப்பூரில் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அதனால் நான் யார்டில் கெஞ்சி மத்தியான ஷிப்டுக்கு மாற்றம் வாங்கியிருந்தேன். பத்து நாள் கழித்து, திங்கட்கிழமையிலிருந்து, காலையில் பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும். ஏட்டில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிள்ளைதான் என் கையில் அரை நிமிஷம்கூட இருக்கவில்லை.

வந்த அன்றைக்கே மனைவி சொல்லிவிட்டாள். "பத்து நாள் பாப்பமுங்க. உங்ககிட்ட நிக்கலன்னா அக்காட்டயே விட்டுடுவம். வேற வழி இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா வீட்டில் விட்டால் பிள்ளை ராணி மாதிரி வளரும். நான்தான் மறுபடி ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறவனாகிவிடுவேன். மனைவிக்கும் அதே கதிதான், ஆனால் அவளைப் பார்த்தால் பிள்ளை கையை நீட்டும். என்னைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கும்.

அந்தப் பத்து நாளில் நான் செய்யாத வேலை இல்லை. அதுவரை காலை ஷிப்டுதான். முடிந்து மூன்றரை மணிக்கு வந்ததும் குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம் ஆகும். தேய்த்துத் தேய்த்து முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. பிறகு முகக்கவசத்தோடு பிள்ளை முன்னால் போய் நிற்பேன். கிலுகிலுப்பை ஆட்டினேன். யூடியூபில் பார்த்து, காதோரம் "உஷ் உஷ்" என்று சத்தம் கொடுத்தேன். பிள்ளைகளிடம் மெல்லிய குரலில் பேச வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். நானும் குரலை ஒடுக்கிக்கொண்டு, யாரோ தொண்டையைப் பிடித்து நெரிக்கிற மாதிரி "செல்லம், பட்டு" என்றெல்லாம் கொஞ்சினேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யாரு வந்திருக்கா என்று கேட்டாள்.

தூளியில் மட்டும் ஓரளவு நின்றாள், ஆனால் ஆட்டுவது நான் என்று தெரியக் கூடாது. அதற்காகத் தூளியில் ஒரு கயிறு கட்டி, அடுத்த அறையிலிருந்து கதவு மறைவில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையிடம் திருடனைப் போல ஒளிந்துகொண்டிருக்கிறோமே என்று எனக்கே சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது. ஒருமுறை தூளித் துணியை விலக்கிக்கொண்டு, ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. அவ்வளவுதான், அன்றைய தூக்கம் போயிற்று.

திருநள்ளாற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் பாதி ஜோசியர்கள். எங்கள் தெருவில் ஒருவர், பிள்ளையின் நட்சத்திரம் தகப்பனுக்கு ஒத்து வராது, கொஞ்ச நாள் தள்ளி வைத்து வளர்ப்பதுதான் நல்லது என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை என் கூடவே வீட்டுக்கு வந்தது. எடைமேடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நினைப்புதான். இரண்டு சீட்டில் வண்டி எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். அதுவரை எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

ஆறாம் நாள், சோதனை மாதிரி, மனைவி ஒரு மணி நேரம் கடைக்குப் போனாள். சும்மாதான் போனாள், வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அவள் செருப்புச் சத்தம் படியில் கரைவதற்குள் பிள்ளை ஆரம்பித்தது. தூக்கினேன். முதுகை வில் மாதிரி வளைத்துக்கொண்டு கத்தியது. கீழே விட்டேன், இன்னும் கத்தியது. பாலாடைக் கிண்ணத்தில் பால் எடுத்து வாயில் வைத்தால் துப்பியது. நீட்டிய கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். முகம் செக்கச்செவேலென்று ஆகி, ஒரு நொடி மூச்சே நின்றுபோனது போல வாயைத் திறந்தபடி இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கீழ் வீட்டில் இருக்கும் லாத்தா படியேறி வந்துவிட்டார். வீட்டுக்காரரின் மனைவி அவர். நாங்களும் அவர்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி லாத்தா என்றே கூப்பிடுவோம். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, கல்யாணத்துக்கு வரிசத் தட்டு தூக்கிட்டுப் போற மாதிரில்ல புடிச்சிருக்கீங்க? இஞ்ச குடுங்க."

வாங்கி, தோளில் சாத்தி, முதுகில் இரண்டு தட்டு தட்டினார். விம்மல் அடங்கிவிட்டது. அவருடைய முக்காட்டின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது என் பிள்ளை. அவரை அதற்கு முன் நாலு முறை பார்த்திருந்தால் அதிகம்.

அவர் சொன்னதைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதில் ஏதாவது இருக்கும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. முன்பின் தெரியாதவரிடம்கூட நிற்கிறாள், என்னிடம்தான் நிற்கவில்லை என்பது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியது. மனைவி திரும்பி வந்ததும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னேன். அக்காவுக்குப் போன் பண்ணிவிடு, ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகட்டும் என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேசுவது கேட்டது, அழுவது கேட்கவில்லை. ஆனால் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் அதைக் கவனிக்காதது போல சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. ஷிப்டு முடிந்து வந்தேன். அன்றைக்கு யார்டில் காற்று சுழன்று அடித்ததால் தலையிலிருந்து கால் வரை கரி. முதுகுப்பையோடு படியேறியபோது மொட்டை மாடியில் துணி உதறும் சத்தம் கேட்டது. மனைவி துணி காயப்போடுகிறாள், பிள்ளை தூங்குகிறது என்று புரிந்தது. சத்தம் போடாமல் கதவைத் தள்ளினேன்.

தூளியின் ஒரு பக்கம் இரண்டு கால்களும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே புரண்டிருக்கிறாள். புரளக் கற்றுக்கொண்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. துணி அக்குளுக்குக் கீழே முறுக்கிக்கொண்டிருந்தது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கியது. அழுகை இல்லை. "ங், ங்" என்று முக்குகிற சத்தம் மட்டும் வந்தது.

எப்படி அந்த அறையைக் கடந்தேன் என்று தெரியவில்லை. ஒரு கையால் துணியை விலக்கி, மறு கையால் இழுத்து, அப்படியே நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன். முதுகில் பை, தலையில் தொப்பி, கையெல்லாம் கரி. "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, அப்பா இருக்கேன், ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்சுகிற குரல் அல்ல, லாரிக்காரர்களிடம் பேசுகிற என் கட்டைக் குரல். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. பிறகு மெல்ல உறைத்தது. அவள் அழவில்லை. என் கழுத்துக்கடியில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தானை ஒரு கை பிடித்திருந்தது.

மனைவி வாளியோடு வாசலில் வந்து நின்றாள். கால் வெளியே வந்துவிட்டது, விழப் போனாள் என்று ஏதோ சொன்னேன். அவள் அசையாமல் இருக்கும்படி கையைக் காட்டினாள். அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு. கன்னத்தில் கறுப்பு. பொத்தானைப் பிடித்த கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஐயோ, நெஞ்சுக்குள் போய்விடுமே என்று பதறி, சட்டென்று அவளைத் தூர எடுத்து, கையை நீட்டிப் பிடித்தேன்.

அந்த நொடியே வீறிட்டாள்.

மனைவி வாளியைக் கீழே வைத்தாள். "தள்ளிப் புடிக்காதீங்க. அதுக்குத்தாங்க அழுவுது."

நான் அவளையும் பார்த்தேன், பிள்ளையையும் பார்த்தேன். லாத்தா சொன்ன வரிசைத் தட்டு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐந்து மாதமாக நான் இந்தப் பிள்ளையை ஒரு தடவைகூட அணைத்ததில்லை. ஈரக் கையோடு, பாதி முகத்தோடு, மருந்து நெடியோடு, பிடிமானம் இல்லாத இடத்தில் அந்தரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கீழே விழப்போகிறோம் என்று அது ஒவ்வொரு தடவையும் கத்தியிருக்கிறது. அதை நான் என் மேல் உள்ள வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். நட்சத்திரம் வரைக்கும் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. சொல்லப்போனால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று மாலை முழுக்க நான் படாதபாடு பட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, மூக்கையும் காதையும் துடைத்த பிறகும், மூச்சில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கிட்டே போய்க் காதை வைத்து வைத்துக் கேட்டேன். மனைவி இரண்டு முறை என்னை விரட்டினாள். வெள்ளிக்கிழமை ஷிப்டுக்கு நடுவில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி, பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். வேலைச் சட்டையைக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டு, தலையோடு நன்றாகக் குளித்துவிட்டுத் தூக்குங்கள், அது போதும் என்றார். என் இருமலையும் கேட்டுவிட்டு, அதற்குத் தனியாக வந்து பாருங்கள் என்று சொன்னார்.

சிவப்பு சோப்பைத் தூக்கிப் போட்டேன். சாதாரண சோப்பில் குளித்தேன். கை காய்ந்து சூடு வரும் வரை உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டையை நான் இன்னும் நம்பவில்லை, அதனால் சட்டை போடவில்லை. வெற்று மார்போடு பாயில் சாய்ந்துகொள்ள, மனைவி பிள்ளையை என் மேல் குப்புற வைத்தாள். அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். முகக்கவசம் இல்லாமல் அவ்வளவு கிட்டத்தில் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் மீசையை ஆராய்ந்தாள். உதடு பிதுங்கியது. எனக்குத் தாலாட்டு எதுவும் வராது. பழக்கத்தில் வாயில் வந்தது லாரி எண்கள்தான். டி.என். ஐம்பத்தொன்று, பி.ஒய். இரண்டு என்று, மைக்கில் கூப்பிடுகிற அதே குரலில், மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நெஞ்சிலிருந்து வந்த அதிர்வு அவளுக்குப் பிடித்ததோ என்னவோ, காதை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் நின்றாள், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை மனைவி எழுந்து உள்ளே போனதும் மறுபடி கத்தினாள். வியாழக்கிழமை அவள் பயந்துபோய்த்தான் என்னிடம் ஒட்டிக்கொண்டாளோ, மற்றதெல்லாம் நான் கற்பனை செய்துகொண்டதோ என்று தோன்றிவிட்டது. அக்காவுக்குச் சொன்னது சொன்னதுதான். அவர் அங்கே வீட்டு வேலைகளையெல்லாம் மாற்றி அமைத்து, தூளிக்குக் கொக்கிகூடப் புதிதாக மாட்டிவிட்டாராம். இனி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்ன பிறகு திங்கட்கிழமை பிள்ளை நிற்காவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ஒரு பெரிய காலிப் பையோடு வந்தார். பிள்ளை அவரைப் பார்த்ததும் கையைக் காலை உதறிச் சிரித்தது. ஐந்து மாதம் குளிப்பாட்டி வளர்த்தவர் ஆயிற்றே. சாப்பிட்டோம். சாப்பாடு என்ன என்றே எனக்குத் தெரியவில்லை. மனைவி எங்கள் பக்கம் திரும்பாமல் பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குப் பக்கத்தில் அடுக்கினாள். உள்ளே வைக்கவில்லை. நெடுங்காட்டுக்குப் போக ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மூன்றரை மணிக்குப் பிள்ளை கண்ணைக் கசக்கிச் சிணுங்கியது. போவதற்குள் கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. அவர் அதுவரை பார்த்ததெல்லாம் என் நீட்டிய கைகளைத்தானே. நான் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் பாயில் சாய்ந்து, பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டேன். முதலில் இரண்டு விம்மல். முதுகில் உள்ளங்கையை அகலமாக வைத்து, எண்களை ஆரம்பித்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை நாற்காலியில் அவர், பாயில் நான்.

ஏழெட்டு லாரி போவதற்குள் அவள் உடம்பு தளர்ந்தது. மூச்சு நீளமானது. எச்சில் என் மார்பில் வழிந்து இறங்கியது.

நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. கால் மரத்துப் போய், முதுகு வலித்தது, இருமல் தொண்டையில் வந்து நின்றது. இருமினால் எழுந்துவிடுவாள், எழுந்தால் அழுவாள், அழுதால் பையை எடுத்துவிடுவார்கள். எச்சிலை விழுங்கி விழுங்கி இருமலை உள்ளே தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பார்க்கிறவர்கள் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்கா எழுந்தார். வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிள்ளையின் பக்கம் கை நீட்டினார். தூக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அவளுடைய உள்ளங்காலை மட்டும் ஒரு விரலால் தொட்டார்.

"இருக்கட்டும் தம்பி. எழுப்ப வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கினார். நெடுங்காட்டு வீட்டில் இன்று ஒரு தூளிக் கொக்கி சும்மா தொங்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் இருமல் வரும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மனைவி கிளம்பினாள். பாலை எடுத்து வைத்து, பாலாடைக் கிண்ணத்தை வெந்நீரில் கொதிக்க வைத்து, லாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்து, வாசலில் மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் தைரியமாகத் தலையை ஆட்டினேன். அவள் போனதும் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

ஏழு மணிக்குப் பிள்ளை விழித்தது. அம்மாவைத் தேடியது. அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அழுதாள். தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். எனக்குத் தெரிந்த அழுகைதான் அது, ஐந்து மாதமாகக் கேட்ட அழுகை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே தூக்கி நெஞ்சோடு சேர்த்தேன். முதுகை வளைத்துத் திமிறுவாள் என்று காத்திருந்தேன். அவள் திமிறவில்லை. முகத்தை என் கழுத்தில் புதைத்து, கழுத்துச் சதையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா போய்விட்டதை என்னிடம் சொல்லி அழுதாள்.

அதுவரை என்னைக் கண்டு அழுதவள், அன்றைக்குத்தான் என்னிடம் அழுதாள். நான் எண்களைச் சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. அழுது முடிக்கட்டும் என்று, இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.